விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றும் ஒரே அலுவலகத்தில்

வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நமக்குப் பிடித்ததை, நம் பட்ஜெட்டிற்குள் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் ஒரு சிறிய அலுவலகத்தில் நான்கைந்து கம்ப்யூட்டர்கள் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. ஒருவர் தயாரிக்கும் பைல் அடுத்தவர் மேஜையில் அப்படியே திறக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பிரிண்டர். எல்லாருடைய டேட்டாவும் ஓர் இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். இதில் ஒன்று விண்டோஸ், ஒன்று மேக், ஒன்று லினக்ஸ் என்று இருந்தால்?

திருமண அழைப்பிதழ், பில் புக், நோட்டீஸ் அச்சிடும் ஒரு சிறிய அச்சகத்தை எடுத்துக் கொள்வோம். டிசைன் செய்பவர் மேக் கம்ப்யூட்டரில் பழகியவர். கணக்கு எழுதுபவருக்கு டேலி வேண்டும், அதனால் விண்டோஸ். முன்மேஜையில் ஆர்டர் எடுப்பவரிடம் ஏழெட்டு ஆண்டு பழைய கம்ப்யூட்டர். உரிமையாளரிடம் ஐபோன். இது கற்பனை அச்சகம்தான். ஆனால் ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், டியூஷன் சென்டர் என எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கலவையைத்தான் பார்க்கலாம். இப்படி ஓர் அலுவலகத்தை நீங்கள் புதிதாகத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குச் செல்லும் முன் இதனைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சிஸ்டமாக மாற்றிவிட்டால் என்ன?

முதலில் தோன்றும் யோசனை இதுதான். நல்ல யோசனைதான், ஆனால் எளிதில் நடப்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டு, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து லினக்ஸிற்கு மாற்ற முடிவெடுத்தது. பத்து ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். 2017ல் மீண்டும் விண்டோஸிற்கே திரும்ப நகர்மன்றம் வாக்களித்தது. இடையில் பணி செய்தவர்களுக்கு இருந்த தொல்லைகளில் ஒன்று, வெளியிலிருந்து வரும் ஆபீஸ் பைல்கள் சரியாகத் திறக்காதது. லினக்ஸ் மோசம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வெளியுலகத்துடன் பைல் பரிமாறும் ஓர் அலுவலகம், தான் மட்டும் தனியே முடிவெடுக்க முடியாது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவ்வளவு பெரிய நகராட்சிக்கே அந்த நிலை என்றால், நம் அச்சகத்திற்குக் கேட்கவே வேண்டாம். எனவே கலவையாகவே இருக்கட்டும். அதனைத் தொல்லை இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று பார்க்கலாம்.

அசையாத புரோகிராம் எது?

கம்ப்யூட்டர் கடையில் முதலில் காட்டுவது ஹார்ட்வேர். ராம் எவ்வளவு, பிராசசர் எது என்று பேச்சு போகும். நீங்கள் அதற்கு முன்னரே ஒரு தாளில், உங்கள் அலுவலகத்தில் எந்த எந்த வேலைகளுக்கு எந்த புரோகிராம் கட்டாயம் வேண்டும் என்று எழுதுங்கள். அதில் எவை ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும் இயங்கும் என்று குறித்துக் கொள்ளுங்கள். அவைதான் அசையாத புரோகிராம்கள். ஹார்ட்வேரை அவையே தீர்மானிக்கும்.

டேலி பிரைம் விண்டோஸில்தான் இயங்கும். எனவே கணக்கு மேஜைக்கு விண்டோஸ் என்பது முடிந்துபோன விஷயம். அங்கே வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மைக்ரோசாப்ட் ஆபீஸ் தொகுப்பு மேக்கிற்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் அக்சஸ் கிடையாது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் அக்சஸ் டேட்டாபேஸாக இருந்தால், அதுவும் விண்டோஸில்தான். போட்டோஷாப், இன்டிசைன் இரண்டும் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸிற்கு இல்லை. நம் ஊர் அச்சகங்கள் அதிகம் பயன்படுத்தும் கோரல்டிரா நீண்ட காலம் விண்டோஸில் மட்டுமே கிடைத்தது. 2019ல் மேக்கிற்கும் மீண்டும் வந்தது. லினக்ஸில் இந்த வேலைகளுக்கு இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் என இலவச புரோகிராம்கள் உள்ளன. தொடக்கத்திலிருந்தே அவற்றில் பழகியவருக்கு அவை போதும். கோரல் பைலைத் தினமும் வாங்கிக் கொடுக்கும் அச்சகத்திற்குப் போதாது.

பலர் மறந்துவிடும் ஒன்று, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன். பென் டிரைவ் போல இருக்குமே, அதுதான். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்கையில், கம்பெனிகளும் எல்.எல்.பி. நிறுவனங்களும் இந்த டோக்கன் கொண்டுதான் கையெழுத்திட வேண்டும். டோக்கனுக்கென ஒரு டிரைவர், அரசு இணையதளத்திற்கென ஒரு கையெழுத்து புரோகிராம் என இரண்டும் கம்ப்யூட்டரில் பதியப்பட வேண்டும். இவை விண்டோஸில்தான் குறைந்த தொல்லையுடன் இயங்குகின்றன. டேலி இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இதனையும் வைத்துக் கொள்வது நல்லது. தாக்கல் செய்யக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு, மேக்கில் டோக்கன் டிரைவரைத் தேடிக் கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறும்.

மேக்கிற்குள் விண்டோஸ் வேண்டுமா?

மேக் வாங்கினால் அதிலேயே விண்டோஸையும் போட்டுக் கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். இன்டெல் பிராசசர் கொண்ட மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் இது முடிந்தது. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் மேக் கம்ப்யூட்டர்களை வெளியிட்டது முதல், ஆப்பிள் சிப் உள்ளவற்றில் பூட் கேம்ப் இல்லை. பேரலல்ஸ் போன்ற ஒரு புரோகிராமைத் தனியே வாங்கி, அதனுள் ஏ.ஆர்.எம். வகை விண்டோஸ் 11ஐ இயக்கலாம். சாதாரண விண்டோஸ் புரோகிராம்கள் பலவும் அதில் இயங்கிவிடும். ஆனால் டிரைவர் விஷயம் வேறு. புரோகிராம்களுக்காகச் செய்யப்படும் மொழிபெயர்ப்பு ஏற்பாடு டிரைவர்களுக்குக் கிடையாது. ஏ.ஆர்.எம். வகைக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் இல்லையென்றால், பழைய பிரிண்டரும் டோக்கனும் இயங்காது.

இதே எச்சரிக்கை வேறு ஒரு வகை லேப்டாப்பிற்கும் பொருந்தும். 2024 முதல் ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்கள் கடைகளில் அதிகம் வைக்கப்படுகின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது; எடையும் குறைவு. பார்த்தால் முழு விண்டோஸ். ஆனால் உள்ளே இருப்பது அதே ஏ.ஆர்.எம். வகைதான். கணக்கு மேஜைக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்டெல் அல்லது ஏ.எம்.டி. பிராசசர் உள்ளதையே வாங்குங்கள்.

டிசைனர் எப்போதாவது டேலியில் ஒரு பில்லைப் பார்க்க வேண்டும் என்றால், அதற்காக மேக்கில் விண்டோஸ் வாங்க வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப் மூலம் தன் இடத்திலிருந்தே கணக்கு மேஜைக் கம்ப்யூட்டரின் திரையைத் திறந்து பார்க்கலாம். மேக்கில் இதற்கான மைக்ரோசாப்ட் புரோகிராமின் பெயர் இப்போது விண்டோஸ் ஆப். லினக்ஸில் ரெமினா. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பார்க்கப்படும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ பதிப்பு இருக்க வேண்டும்; ஹோம் பதிப்பில் இந்த வசதி தரப்படவில்லை. அடுத்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். டிசைனர் உள்ளே நுழைந்தால் கணக்கரின் திரை பூட்டிக் கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் டேலி பார்க்க வேண்டும் என்றால், ஒருவருக்கான சில்வர் லைசென்ஸ் போதாது. பலருக்கான கோல்ட் லைசென்ஸ் வாங்க வேண்டியதிருக்கும். வாங்கும் முன் உங்கள் ஏற்பாட்டை டீலரிடம் விளக்கி, எந்த லைசென்ஸ் என்பதை எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பை அலுவலக நெட்வொர்க்கிற்குள் மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று மோடத்தில் அதற்கு வழி திறந்து வைத்தால், டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்களுக்கும் அதுவே வாசல்.

முன்மேஜையில் பழைய கம்ப்யூட்டர்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாற, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017ல். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் எவ்வளவு நன்றாக ஓடினாலும், முறைப்படி விண்டோஸ் 11க்கு மாற்ற முடியாது. குறுக்கு வழிகள் உண்டு. அலுவலகக் கம்ப்யூட்டரில் அவற்றை முயற்சிக்க வேண்டாம்.

அதற்காக அதனைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டுமா? வேண்டாம். முன்மேஜையில் என்ன வேலை? மெயில் பார்ப்பது, ஆர்டர் விவரத்தை டைப் செய்வது, வாட்ஸ்அப் வெப்பில் வரும் போட்டோவை எடுத்து டிசைனருக்கு அனுப்புவது. இவை எல்லாம் பிரவுசர் இருந்தால் நடக்கும் வேலைகள். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு பதிந்து கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் அப்டேட் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், பழைய கம்ப்யூட்டரா இது என்று கேட்கும் அளவிற்கு வேகம் கூடும். ராம் 8 ஜிபி இருக்கட்டும். லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் தரப்பட்டது. உங்கள் அலுவலகத்தில் வேலைக்கு வரும் இளைஞர் அதனை ஏற்கனவே பார்த்திருக்கலாம்.

புதிதாக வாங்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சாதாரண டெஸ்க்டாப்பில் ராம், எஸ்.எஸ்.டி. இரண்டையும் பின்னால் கூட்டிக் கொள்ளலாம். ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் ராம் பின்னால் கூட்டவே முடியாது. வாங்குகையில் எடுத்ததுதான் கடைசி வரை. எனவே மேக்கிற்கு 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். பணம் பற்றவில்லை என்றால் கணக்கு மேஜையில் குறைத்துக் கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துருவில்தான் தலைவலி

மற்ற ஊர் அலுவலகங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. முன்மேஜையில் அழகாக டைப் செய்த அழைப்பிதழ் வாசகம், டிசைனரின் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில், கம்ப்யூட்டர் உண்மையில் ஆங்கில எழுத்துக்களைத்தான் சேமிக்கிறது. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று டைப் செய்தால், பைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகிவிடும்; உள்ளிருப்பது தெரியும்.

யூனிகோட் முறையில் இந்தத் தொல்லை இல்லை. அதில் தமிழ் எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் அவற்றிற்கே உரிய எண்கள் உண்டு. எழுத்துரு மாறினால் வடிவம்தான் மாறும், எழுத்து மாறாது. தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டுவிட்டது. எனவே புதிய அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே எல்லாரும் யூனிகோடில் டைப் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கீ போர்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்99 முறை மூன்று சிஸ்டங்களிலும் உண்டு. அதில் பழகியவர் எந்த மேஜைக்கு மாறினாலும் விரல் தடுமாறாது.

யூனிகோட் என்றாலும், ஒவ்வொரு சிஸ்டமும் தனக்கென ஒரு தமிழ் எழுத்துருவுடன் வருகிறது. விண்டோஸில் லதா, நிர்மலா. மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம். லினக்ஸில் பெரும்பாலும் லோகித் அல்லது நோட்டோ. இவற்றின் அகலம் ஒன்றுபோல் இருக்காது. முன்மேஜையில் ஒரு பக்கத்தில் அடங்கிய வாசகம் மேக்கில் ஒன்றேகால் பக்கமாகும். மணமகன் பெயர் அடுத்த வரிக்குப் போய்விடும். இதற்கு எளிய வழி, ஒரே எழுத்துருவை எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பதிந்து கொள்வது. கூகுள் வழங்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிப் தமிழ் இரண்டும் இலவசம்; மூன்று சிஸ்டங்களிலும் பதியலாம். ஆங்கிலத்திற்கும் இதே போல் வழி உண்டு. லினக்ஸில் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இல்லாவிட்டால் அதே அகலத்தில் அமைக்கப்பட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். கேலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ. பக்க அமைப்பு கலையாது.

இன்டிசைனில் தமிழ் யூனிகோட் எழுத்துக்கள் பிரிந்து பிரிந்து வந்தால், கம்போசரை வேர்ல்ட் ரெடி வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். சரியாகிவிடும். இது தெரியாமலேயே சில டிசைனர்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் இருக்கிறார்கள். பழைய டிசைன்கள் அனைத்தும் அந்த எழுத்துருக்களில் இருந்தால், அவற்றைத் தூக்கி எறியவும் முடியாது. அந்த எழுத்துரு பைல்களை ஒரு போல்டரில் பத்திரமாக வைத்து, மேக்கில் மட்டும் பதிந்து கொள்ளுங்கள். மற்ற மேஜைகளில் வேண்டாம்.

வாடிக்கையாளருக்குப் புரூப் அனுப்புகையில் எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப்.பாக மட்டும் அனுப்புங்கள். வேர்ட் பைலாக அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரில் எப்படித் தெரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் ஒன்றைப் பார்த்துச் சம்மதம் சொல்லி, நீங்கள் வேறொன்றை ஆயிரம் பிரதி அச்சிட்டால் காகிதச் செலவு உங்கள் தலையில்தான்.

வேர்ட், எக்ஸெல், லிப்ரே ஆபீஸ்

மூன்று சிஸ்டங்களிலும் இயங்கும் ஆபீஸ் தொகுப்பு வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ். 2010ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, முற்றிலும் இலவசம், தமிழ் மெனுவும் உண்டு. சாதாரணக் கடிதம், விலைப்பட்டியல், கூட்டல் கழித்தல் எல்லாம் நன்றாக நடக்கும். மேக்ரோ நிறைந்த எக்ஸெல் ஷீட் உங்களிடம் இருந்தால் மட்டும் அதனை விண்டோஸ் எக்ஸெலிலேயே வைத்திருங்கள். மேக் எக்ஸெலில் கூடச் சில மேக்ரோக்கள் இயங்குவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டிய ஆர்டர் பட்டியலை, பிரவுசரிலேயே இயங்கும் கூகுள் ஷீட்ஸ் அல்லது ஜோஹோ ஷீட்டில் வைத்தால் சிஸ்டம் பற்றிய கவலையே இல்லை. இன்டர்நெட் போனால் மட்டும் கவலை.

வினோதமான ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பழைய மேக் எக்ஸெலில் தேதிக் கணக்கு 1904ஆம் ஆண்டில் தொடங்கும், விண்டோஸில் 1900ல். அத்தகைய பழைய ஷீட்டிலிருந்து தேதிகளைக் காப்பி செய்து புதிய ஷீட்டில் ஒட்டினால், நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும், அதாவது 1,462 நாட்கள் தள்ளிப்போகும். பழைய கணக்குகளை எடுத்து வருபவர்கள் இரண்டு மூன்று தேதிகளையாவது சரிபாருங்கள். அடுத்து, தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியலை சி.எஸ்.வி. பைலாக மாற்றுகையில், எக்ஸெலில் யு.டி.எப்.8 என்று குறிப்பிட்டுள்ள சி.எஸ்.வி. வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். பைலை மூடிய பின் அவற்றை மீட்க முடியாது.

பைல் பெயரும் பென் டிரைவும்

விண்டோஸில் பைல் பெயரில் \ / : * ? " < > | ஆகிய குறிகள் வரக்கூடாது. மேக்கிலும் லினக்ஸிலும் இவற்றில் பல வரலாம். டிசைனர் பெயரில் கேள்விக்குறி வைத்துச் சேமித்த பைலை கணக்கர் திறக்க முடியாமல் தவிப்பார். தேதியை எழுதுகையில் சாய்கோடு போடாமல் சிறு கோடு போடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு நுட்பம். 'பொ', 'கோ' போன்ற எழுத்துக்களில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பழைய மேக் டிஸ்க் அமைப்பு பைல் பெயர்களை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த 'கோவை' என்ற போல்டரும், லினக்ஸில் நீங்கள் டைப் செய்த 'கோவை' என்ற போல்டரும் கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு. ஒரே பெயரில் இரண்டு போல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்! பொதுவில் வைக்கும் போல்டர்களுக்கு ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் பெயர் வைப்பது என் பரிந்துரை. தமிழ்ப் பற்றுக்கு இது குறைவல்ல.

பென் டிரைவை எக்ஸ்பேட் அமைப்பில் பார்மட் செய்திடுங்கள். என்.டி.எப்.எஸ். அமைப்பில் இருந்தால் மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. பேட்32 எல்லாவற்றிலும் இயங்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு பைலை ஏற்காது. எக்ஸ்பேட்டில் இந்த இரண்டு குறைகளும் இல்லை; லினக்ஸும் 2019லிருந்து அதனை நேரடியாக ஏற்கிறது. எடுக்கும் முன் எஜெக்ட் கொடுக்க மறக்க வேண்டாம். எக்ஸ்பேட் அந்த விஷயத்தில் கொஞ்சம் தொட்டாற்சுருங்கி. உரிமையாளரின் ஐபோன் போட்டோக்கள் விண்டோஸில் திறக்கவில்லை என்றால், போனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

பிரிண்டர் வாங்கும் முன்

விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் சில, பக்கத்தைத் தாமாக வரைவதில்லை. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர்தான் வரைந்து அனுப்பும். டிரைவர் விண்டோஸிற்கு மட்டும் இருந்தால் மேக்கும் லினக்ஸும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆப்பிளுக்கென 2010ல் வந்த வசதி என்றாலும், அது உள்ள நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமல் இயங்குகின்றன. யு.எஸ்.பி. மட்டும் உள்ளதை வாங்காமல், லேன் அல்லது வைஃபை உள்ளதை வாங்கினால் எல்லா மேஜைகளுக்கும் பொதுவாகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மேஜைக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டாம். கார்பன் பிரதியுடன் பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் மட்டும் டேலி கம்ப்யூட்டரிலேயே யு.எஸ்.பி.யில் இருக்கட்டும். அதற்கு வேறு யாரும் வரப் போவதில்லை.

எல்லா டேட்டாவும் ஓர் இடத்தில்

யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டரில் போல்டரைப் பகிர்ந்து கொண்டால், அவர் லீவு போட்ட அன்று அலுவலகம் நின்றுவிடும். இரண்டு டிஸ்க் போடும் சிறிய நாஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள். அது எஸ்.எம்.பி. என்ற முறையில் மூன்று சிஸ்டங்களுடனும் பேசும். பழைய நாஸ் யாராவது சும்மா கொடுத்தால் யோசித்து வாங்குங்கள். எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பெட்டி, இன்றைய விண்டோஸின் கண்ணில் படாது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாகிரை ரேன்சம்வேர் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியேதான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாகப் பதிகையில் அது இடம்பெறுவதில்லை. பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட் என்று எல்லாரையும் விடுவதும் இனி நடக்காது. விண்டோஸ் 11 புரோ அதனை மறுக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்ட் கொடுத்துவிடுங்கள். கணக்கு போல்டரைக் கணக்கரும் உரிமையாளரும் மட்டும் திறக்கும்படி அமைத்திடலாம்.

நாஸில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருப்பதால் பேக்கப் ஆகிவிட்டது என்று பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒரு டிஸ்க் கெட்டுப் போனால் அது காப்பாற்றும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ரேன்சம்வேர் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். வாரம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, கேபிளைக் கழற்றி, வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் மாறி மாறி இருந்தால் இன்னும் நல்லது. நாஸிற்கும் மோடத்திற்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ். அவசியம். எழுதிக் கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் டேட்டா கெடுவது இங்கேதான்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டேலி கம்ப்யூட்டர், அதனுடன் டோக்கன். அடுத்து நாஸ், யு.பி.எஸ். பிறகு பிரிண்டர். மேக் கடைசியில். பிரிண்டர் வாங்கச் செல்கையில் மேக்புக்கோ லினக்ஸ் லேப்டாப்போ கைவசம் இருந்தால் எடுத்துச் சென்று, தமிழில் டைப் செய்த ஒரு பக்கத்தைக் கடையிலேயே அச்சிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் தன் தன் இடத்தில் இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.